யார் முகத்தில் வெளிச்சம்?

சென்னை சென்ட்ரலில் ரயிலேறி 1,600 கிலோமீட்டருக்கு மேல் வந்து ஹவுராவில் இறங்கும் எவருக்கும் முதலில் கண்ணில் படுவது பாலம்தான். ஆற்றுக்குள் ஒரு தூண்கூட ஊன்றாமல் கரைக்குக் கரை தாவி நிற்கும் அந்த இரும்பு உருவம் 1943 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அண்ணாந்து பார்த்து முடித்ததும், கூட்டத்தோடு பாலத்தில் ஏறாமல், ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள படித்துறையில் இறங்கி லாஞ்சில் உட்காருங்கள். ஹூக்ளி நதி மட்டத்திலிருந்து பார்க்கும்போதுதான் இந்த ஊர் தன் முகத்தைக் காட்டுகிறது. சணல் ஆலைகளின் பழைய புகைபோக்கிகள், படியில் துணி துவைப்பவர்கள், சூரியனைப் பார்த்துக் கும்பிடுபவர்கள், நீளத் துடுப்போடு நிற்கும் படகோட்டிகள்.

இந்தக் காட்சியை உலகம் திரையில் முழு வண்ணத்தில் பார்த்தது 1951-இல். பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் எடுத்த 'தி ரிவர்' படம் அது. ஹவுராவுக்கு வடக்கே, எதிர்க்கரையிலுள்ள பராக்பூரை மையமாக வைத்து 1949 கடைசியிலும் 1950-லும் படமாக்கினார்கள். அதில் கலப்பினப் பெண்ணாக, இருபதுகளின் நடுவில் இருந்த ஒரு தமிழ்ப் பெண் நடித்தார். சென்னை அடையாறிலிருந்து வந்தவர். தன் சொந்த நிறத்தோடு, சொந்த நடனத்தோடு திரையில் நின்றார்.

அவருக்கு இருபது ஆண்டுகளுக்கு முன் இதே நதிக்கரை நகரத்திலிருந்து கப்பலேறிய இன்னொரு பெண், கல்கத்தா என்ற பெயரையே தன் வாழ்க்கையிலிருந்து அழித்தால்தான் ஹாலிவுட்டில் நிற்க முடியும் என்ற நிலையில் இருந்தார்.

இந்த இருவரின் கதையில், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேலை நாட்டுத் திரை நம்மை எப்படிப் பார்த்தது என்பதும், நாம் அதற்கு என்ன பதில் சொன்னோம் என்பதும் சேர்ந்தே இருக்கின்றன.

பிறந்த ஊரை மறைத்த நட்சத்திரம்

2023-இல் மிஷெல் யோவுக்குச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தபோது, அந்தப் பிரிவில் தன்னை ஆசியர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்ட முதல் பெண் என்று பத்திரிகைகள் கவனமாக எழுதின. அந்தக் கவனத்துக்குக் காரணம் மெர்ல் ஓபரான். 1935-இல் வெளிவந்த 'தி டார்க் ஏஞ்சல்' படத்துக்காக அதே விருதுக்கு அவர் பரிந்துரைக்கப்பட்டிருந்தார். ஆனால் அவர் ஆசியாவில் பிறந்தவர் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்பதற்காகவே ஒரு பொய்யான பிறப்புக் கதை கட்டப்பட்டிருந்தது.

மெர்ல் 1911-இல் பம்பாயில் பிறந்தார். கல்கத்தாவில் வளர்ந்தார். அங்கே டெலிபோன் ஆபரேட்டராக வேலை பார்த்தார். அவரை வளர்த்த சார்லட் இலங்கையிலிருந்து வந்த கலப்பினக் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஊரார் மொழியில் சொன்னால் ஆங்கிலோ இந்தியக் குடும்பம். நம் பாட்டன்மார் 'சட்டைக்காரர்' என்று சொல்லிவந்த சமூகம். 1920-களின் இறுதியில் மெர்ல் ஐரோப்பாவுக்குப் போனார். லண்டனில் தயாரிப்பாளர் அலெக்ஸாண்டர் கோர்டாவின் கண்ணில் பட்டார். அதன் பிறகு, ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே உள்ள தாஸ்மேனியாத் தீவில் பிறந்தவர் என்று அவரை உலகத்துக்கு அறிமுகப்படுத்தினார்கள். போய்ப் பார்த்து வர முடியாத தூரம், பிரிட்டிஷ் பெயர், கேள்வி கேட்க ஆளில்லாத இடம்.

அவரோடு லண்டனுக்குப் போன சார்லட்டை, வீட்டுக்கு வந்தவர்களிடம் வேலைக்காரி என்று சொன்னதாக அவருடைய வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கறுத்த நிறம்தான் காரணம். வளர்த்தவளை வேலைக்காரி என்று சொல்ல வைத்தது எது என்று கேட்டால், பதில் ஒரு பெண்ணின் சுயநலத்தில் இல்லை. 1934 முதல் கண்டிப்பாக அமலான ஹாலிவுட் தணிக்கை விதித் தொகுப்பில் இருக்கிறது. வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையிலான காதலைத் திரையில் காட்டக் கூடாது என்று அது எழுதியே வைத்திருந்தது. அந்த விதியின் நிழல் நடைமுறையில் ஆசியர்மீதும் விழுந்தது. கதை சீனாவில் நடக்கும் 'தி குட் எர்த்' படத்தில் நாயகி வேடம், சீன வம்சாவளி நடிகை ஆனா மே வாங்குக்குக் கிடைக்கவில்லை. ஜெர்மனியில் பிறந்த லூயிஸ் ரெய்னருக்குப் போனது. அவர் அதற்கு ஆஸ்கரும் வாங்கினார். கலப்பினத்தவர் என்று வெளியே தெரிந்திருந்தால், 1939-இல் 'வுதரிங் ஹைட்ஸ்' படத்தில் லாரன்ஸ் ஒலிவியரின் காதலியாக மெர்ல் நின்றிருக்க முடியுமா?

1937-இல் லண்டனில் நடந்த கார் விபத்தில் அவர் முகத்தில் காயங்கள் ஏற்பட்டன. பிறகு ஒளிப்பதிவாளர் லூசியன் பல்லார்ட், கேமரா லென்ஸுக்கு ஒட்டினாற்போல் ஒரு சிறு விளக்கைப் பொருத்தி, முகத்தில் விழும் நிழல்களையும் தழும்புகளையும் கரைத்துக் காட்டினார். அந்த விளக்குக்கு 'ஓபி' என்று மெர்ல் ஓபரானின் பெயரே நிலைத்துவிட்டது. இன்றும் ஒளிப்பதிவாளர்கள் அந்தச் சொல்லைச் சொல்கிறார்கள். தழும்பை மறைக்கத்தான் அந்த விளக்கு. ஆனாலும் அவர் வாழ்க்கையை அறிந்த பின் அதை வெறும் விளக்காக என்னால் நினைக்க முடியவில்லை. 1979-இல் அவர் இறந்தபோதும் உலகத்துக்கு அவர் தாஸ்மேனியப் பெண்தான்.

இரண்டு இந்தியருக்கும் ஒரே மை

ஹாலிவுட்டுக்கு 'இந்தியர்' என்றால் இரண்டு கூட்டம். ஒன்று நாம். மற்றொன்று கொலம்பஸின் தவறான கணக்கால் அந்தப் பெயரைச் சுமக்க நேர்ந்த அமெரிக்கப் பூர்வகுடிகள். கௌபாய் படங்களில் குதிரையேறி வந்து சுடப்பட்டு விழுவது அவர்களுடைய வேலை. பெயர் சொல்லி, முகம் காட்டி, காதலித்து, அழுது, வசனம் பேசும் வேடம் வந்தால், வெள்ளை நடிகர் முகத்தில் மை பூசிக்கொண்டு வந்துவிடுவார்.

1950-இல் வந்த 'புரோக்கன் ஏரோ' பூர்வகுடிகளைப் பரிவோடு காட்டிய படம் என்று இன்றும் பாராட்டப்படுகிறது. அபாச்சி தலைவர் கொச்சீஸாக நடித்து ஆஸ்கர் பரிந்துரை பெற்ற ஜெஃப் சாண்ட்லர், நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்த யூதர். மோஹாக் இனத்தில் பிறந்த ஜே சில்வர்ஹீல்ஸுக்கும் அதே படத்தில் ஜெரோனிமோ வேடம் கிடைத்தது. ஆனால் சிறிய வேடம். ஜான் ஃபோர்டு 1956-இல் எடுத்த 'தி சர்ச்சர்ஸ்' படத்தில் கொமாஞ்சி தலைவனாக வந்த ஹென்றி பிராண்டன் ஜெர்மனியில் பிறந்தவர். அவர் பின்னால் குதிரையில் வந்த கொமாஞ்சிகள் உண்மையில் நவஹோ மக்கள். படப்பிடிப்பு நடந்த மான்யுமென்ட் வேலி அவர்களுடைய மண். லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லரைப் படித்து வளர்ந்தவர்களுக்கு நவஹோ என்ற பெயர் எவ்வளவு நெருக்கமானது என்று தெரியும். அந்த மக்கள் தங்கள் சொந்த நிலத்திலேயே கூலிக்கு வேறொரு இனமாக நின்றார்கள்.

இந்த இரண்டு கூட்டமும் ஒரே நடிகையின் முகத்தில் சந்தித்த கதையும் உண்டு. 'புரோக்கன் ஏரோ'வில் அபாச்சிப் பெண்ணாக வந்த டெப்ரா பேஜெட், 1959-இல் ஃபிரிட்ஸ் லாங் இயக்கிய 'தி டைகர் ஆஃப் எஷ்னபூர்' படத்தில் இந்தியக் கோயில் நடனக்காரி சீதாவாக வந்தார். அந்த ஒன்பது ஆண்டுகளில் ஒரு அமெரிக்கப் பெண் இரண்டு இந்தியாக்களுக்கும் முகமாகிவிட்டார். இரண்டு இந்தியாக்களிலும் சொந்த முகங்களுக்கா பஞ்சம்? அந்த முகங்களைப் பார்க்க டிக்கெட் வாங்குவார்கள் என்ற நம்பிக்கை பணம் போட்டவர்களிடம் இல்லை.

விதிவிலக்கு சாபு. மைசூர் சமஸ்தானத்தில் யானைப்பாகன் குடும்பத்தில் பிறந்து, 'எலிஃபன்ட் பாய்' படத்தால் 1937-இல் உலகப் புகழ் பெற்ற சிறுவன். அவருக்கும் திரை கொடுத்த இடம் யானைக்கும் காட்டுக்கும் அரண்மனைக்கும் இடையில்தான். 1947-இல் 'பிளாக் நார்சிஸஸ்' படத்தில் இளவரசனாக அவர் நடித்தபோது, அவருக்கு ஜோடியான மலைநாட்டுப் பெண் வேடத்தில் வந்தவர், உடலெங்கும் பழுப்பு மை பூசி மூக்குத்தி அணிந்த ஆங்கில நடிகை ஜீன் சிம்மன்ஸ்.

ரயில்வே காலனியின் மகள்

1854 ஆகஸ்ட் 15-ஆம் தேதி ஹவுராவிலிருந்து ஹூக்ளி நகருக்கு முதல் ரயில் புறப்பட்டது முதல், இந்த ஊரின் வாழ்வு தண்டவாளத்தோடு பிணைந்தது. அந்தத் தண்டவாளத்தை நடத்தியவர்களில் பெரும்பங்கு ஆங்கிலோ இந்தியர்கள். டிரைவர், கார்டு, டெலிகிராஃப் சிக்னலர், ஃபோர்மேன் என்று அவர்கள் இல்லாத ரயில்வே காலனி கிடையாது. பெரம்பூரையும் பொன்மலையையும் ஜோலார்பேட்டையையும் போத்தனூரையும் அறிந்த தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கிறிஸ்துமஸ் நடனம், ஓட்டு வீடு, வாசலில் ரோஜாச்செடி, தமிழும் ஆங்கிலமும் கலந்த பேச்சு.

இந்தச் சமூகத்தை முன்வைத்து ஹாலிவுட் எடுத்த பெரிய படம் 1956-இல் வெளிவந்த 'பவானி ஜங்ஷன்'. ஜான் மாஸ்டர்ஸின் நாவல். இயக்கியவர் ஜார்ஜ் குகோர். வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டும் காலத்தில், தான் யாரோடு சேர்ந்தவள் என்று தவிக்கும் ஆங்கிலோ இந்தியப் பெண் விக்டோரியா ஜோன்ஸ்தான் நாயகி. ஏவா கார்ட்னர் நடித்தார். அவரை மணக்க விரும்பும் சீக்கிய இளைஞராக நடித்தவரும் இங்கிலாந்துக்காரர்தான். படப்பிடிப்பு இந்தியாவில் நடக்கவில்லை, லாகூரில் நடந்தது.

விக்டோரியாவின் தவிப்பு உண்மையான தவிப்பு. ஏவா கார்ட்னர் உழைத்து நடித்த வேடம் அது. அதனால்தான் மனம் கனக்கிறது. அடையாளம் இல்லாமல் தவிக்கும் ஒரு சமூகத்தைப் பற்றிய படத்திலேயே, அந்தச் சமூகத்தின் முகத்துக்கு நடுவில் இடம் இல்லை. ஆயிரக்கணக்கானவர்கள் லாகூர் ஸ்டேஷனில் கூட்டமாக நின்றார்கள். துயரத்தைச் சொல்லும் உரிமை மட்டும் வேறு முகத்துக்குப் போனது. கல்கத்தாவின் கலப்பினப் பெண் தன் பிறப்பை மறைத்து ஆங்கிலப் பெண்ணாக நடிக்க வேண்டியிருந்தது. அமெரிக்கப் பெண் எந்தத் தடையுமின்றி ஆங்கிலோ இந்தியராக நடிக்க முடிந்தது. கதவு ஒரு பக்கம்தான் திறந்தது.

அடையாறிலிருந்து வந்த மெலனி

ழான் ரெனுவார் இந்தக் கதவை மறுபக்கத்திலிருந்து திறந்து பார்த்தார்.

ரூமர் காடன் என்ற ஆங்கில எழுத்தாளர், இன்று வங்கதேசத்திலுள்ள நாராயண்கஞ்சில் வளர்ந்தவர். 'பிளாக் நார்சிஸஸ்' நாவலும் அவருடையதுதான். இங்கிலாந்து ஸ்டூடியோவில் இமயமலையை வரைந்து வைத்து எடுத்த அந்தப் படம் அவருக்குப் பிடிக்கவில்லை. 1946-இல் வெளியான அவருடைய 'தி ரிவர்' நாவலை எடுக்க ரெனுவார் ஹாலிவுட்டில் அலைந்தார். யானையும் புலி வேட்டையும் இல்லாத இந்தியப் படத்துக்குப் பணம் போட ஆளில்லை. கடைசியில் முன்வந்தவர் கென்னத் மெக்எல்டௌனி. லாஸ் ஏஞ்சலிஸில் பூக்கடை வைத்திருந்தவர்.

ரெனுவார் இந்தியாவுக்கே வந்து எடுத்தார். எழுத்தாளரோடு உட்கார்ந்து திரைக்கதையை எழுதினார். அப்போது நாவலில் இல்லாத ஒரு பாத்திரம் உள்ளே வந்தது. அதுதான் மெலனி. வெள்ளைக்காரத் தந்தைக்கும் மறைந்துபோன இந்தியத் தாய்க்கும் பிறந்தவள். கான்வென்ட் படிப்பை முடித்து வீட்டுக்கு வருகிறாள். சீருடையைக் கழற்றிச் சேலை உடுத்துகிறாள். தன் இடம் எது என்று அவள் தேடுகிறாள். தந்தை அவளைவிடக் கூடுதலாகத் தேடிக் கலங்குகிறார்.

அந்த வேடத்துக்கு ரெனுவார் தேர்ந்தெடுத்தவர் ராதா ஸ்ரீராம். 1923-இல் அடையாறு தியசாபிகல் சொசைட்டி வளாகத்தில் பிறந்தவர். தந்தை என்.ஸ்ரீராம் பின்னாளில் அந்தச் சொசைட்டியின் தலைவரானவர். அத்தை ருக்மிணி தேவி அருண்டேல். கலாக்ஷேத்ராவில் பரதம் பயின்ற முதல் தலைமுறையைச் சேர்ந்தவர் ராதா. படத்தின் நடுவே, ஒரு சிறுமி சொல்லும் கதைக்குள் மெலனி புராண ராதையாகி ஆடுகிறாள். ஹாலிவுட் அதுவரை 'இந்திய நடனம்' என்று காட்டியது இடுப்பு வளைவும் பாம்பாட்டி இசையும். இங்கே அரைமண்டி தெரிந்தது, அடவு தெரிந்தது, முத்திரை முழுமையாக நின்றது. கேமரா அவசரப்படாமல் காத்திருந்தது. படத்தின் இசைக்குப் பொறுப்பேற்றவர் எம்.ஏ.பார்த்தசாரதி.

இதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். கலப்பினப் பெண் வேடத்தில் வந்தவர் கலப்பினத்தவர் இல்லை. கதையைச் சொல்பவள் ஆங்கிலச் சிறுமி ஹாரியட். அவள் தந்தை சணல் ஆலையை நடத்துபவர். சணல் பொதியைத் தோளில் சுமந்து வரிசையாக நடக்கும் தொழிலாளர்கள் அழகாகத் தெரிகிறார்கள்; பெயர் ஒருவருக்கும் இல்லை. பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தெலுங்கு தேசத்திலிருந்தும் வந்து, ஹூக்ளியின் இரு கரைகளிலும் கூலி வரிசைகளில் வாழ்ந்தவர்கள் அவர்கள். 1947 பிரிவினை சணல் வயல்களைக் கிழக்குப் பாகிஸ்தானுக்கும் ஆலைகளை மேற்கு வங்கத்துக்கும் பிரித்துப் போட்ட காலம் அது. அகதிகள் வந்து குவிந்த காலம். 1943 பஞ்சத்தின் நினைவு ஆறாத காலம். அந்தக் கொதிப்பு எதுவும் படத்தின் தோட்டச் சுவரைத் தாண்டி உள்ளே வரவில்லை.

ஆனாலும் ஒரு படி ஏறியிருந்தது. மெர்ல் மறைத்ததை மெலனி மறைக்கவில்லை. வெனிஸ் திரைப்பட விழாவில் 1951-இல் அந்தப் படம் சர்வதேச விருது பெற்றது. ராதா நடிகையாகத் தொடரவில்லை. ராதா பர்னியராகி, 1980 முதல் 2013-இல் மறையும் வரை தியசாபிகல் சொசைட்டியின் உலகத் தலைவராக இருந்தார். ஆலமரத்தைப் பார்க்க அடையாறு தோட்டத்துக்குப் போன சென்னைவாசிகளில் எத்தனை பேருக்கு, அந்த வளாகத்தின் தலைவர் ஒருகாலத்தில் ரெனுவாரின் நாயகி என்று தெரிந்திருக்கும்?

சேலத்தில் ஒரு காடு

அதே காலத்தில் தமிழ்நாட்டிலும் ஒரு சோதனை நடந்தது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கக் கம்பெனியோடு கைகோத்து எடுத்த 'தி ஜங்கிள்', 1952-இல் வந்தது. தமிழில் 'காடு'. கௌபாய் படங்களில் பேர்பெற்ற ராட் கேமரான் வெள்ளைக்கார வேட்டைக்காரர். இந்திய இளவரசி சீதாவாக மேரி வின்ட்சர். இந்தியப் பிரமுகராக சீசர் ரொமேரோ. நம் எம்.என்.நம்பியாரும் படத்தில் உண்டு, துணை வேடத்தில்.

இந்தப் படம் சொல்லும் பாடம் முக்கியமானது. ஸ்டூடியோ நம்முடையது, யானை நம்முடையது, காடு நம்முடையது, உழைப்பும் நம்முடையது. இளவரசி மட்டும் அமெரிக்கர். மண்ணும் கருவியும் கையில் இருந்தால் மட்டும் போதாது. கதை யாருடைய கண்ணிலிருந்து பிறக்கிறது என்பதுதான் முகத்தையும் தீர்மானிக்கிறது. பிரதிநிதித்துவம் என்று நாம் இன்று பேசுவதன் வேர் அங்கே இருக்கிறது.

ஓரமாய் நின்று கற்றவர்கள்

அந்தக் கண் ஹூக்ளிக் கரையில் திறந்தது.

ரெனுவார் கல்கத்தாவில் தங்கியிருந்தபோது, விளம்பர நிறுவனத்தில் ஓவியராக வேலை பார்த்த ஓர் இளைஞர் அவரைத் தேடிப் போனார். 1947-இல் கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கியவர்களில் ஒருவர். படப்பிடிப்புக்கு இடம் தேடி ரெனுவார் சுற்றியபோது கூடவே சுற்றினார். தன் மனதில் இருந்த ஒரு வங்கக் கிராமத்துக் கதையைச் சொன்னார். ரெனுவார் ஊக்கம் தந்தார். அந்த இளைஞர் சத்யஜித் ராய்.

படப்பிடிப்பில் கலை இயக்குநருக்கு உதவியாளராக இருந்தவர் பன்சி சந்திரகுப்தா. எந்த வேலையும் கிடைக்காமல், வேடிக்கை பார்க்க மட்டும் அனுமதி வாங்கி, தினமும் வந்து நின்ற கல்லூரி வயதுப் பையன் சுப்ரதோ மித்ரா. விளக்கு எங்கே நிற்கிறது, கேமரா எப்படி நகர்கிறது, நடிகர் எங்கிருந்து எங்கே போகிறார் என்று படம் வரைந்து குறித்துக்கொண்டே இருந்தார். ஒளிப்பதிவு செய்தவர் ரெனுவாரின் அண்ணன் மகன் குளோத் ரெனுவார்.

ராய், சந்திரகுப்தா, மித்ரா மூவரும் சேர்ந்து எடுத்த படம்தான் 1955-இல் வெளியான 'பதேர் பாஞ்சாலி'. இருபத்தோரு வயதைத் தாண்டியிருந்த மித்ரா, அதற்கு முன் சினிமா கேமராவைக் கையாண்டதே இல்லை. 'தி ரிவர்' படத்தில் பெயரில்லாமல் பின்னணியில் நடந்த மக்களுக்கு இங்கே பெயர் வந்தது. அப்பு, துர்கா, சர்போஜயா, இந்திர் பாட்டி. அவர்களுடைய பசி அழகான காட்சிக்குப் பின்னணியாக நிற்கவில்லை; அதுவே கதையானது.

அடுத்த ஆண்டு 'அபராஜிதோ'. காசி வீட்டின் முற்றத்தை ஸ்டூடியோவில் கட்டினார் பன்சி சந்திரகுப்தா. திறந்த முற்றத்தில் விழும் வானத்து வெளிச்சம் நிழல் பிரிக்காமல் மெல்லப் படிவது. ஸ்டூடியோ விளக்கை நேரே அடித்தால் அது வராது. மித்ரா முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டினார். விளக்குகளை அதன்மேல் அடித்து, அது திருப்பி அனுப்பும் வெளிச்சத்தை முகங்களில் விழ வைத்தார். 'பவுன்ஸ் லைட்டிங்' என்று இன்று எல்லாப் படப்பிடிப்பிலும் சொல்லும் முறையின் முன்னோடிகளில் ஒருவர் அவர்.

இதே நகரத்தில் வளர்ந்த ஒரு பெண்ணின் பெயரில் ஒரு விளக்கு இருக்கிறது. இதே நகரத்தில் பிறந்த ஒரு பையன் கண்டடைந்த வெளிச்சமும் இருக்கிறது. முதலாவது முகத்தில் இருப்பதைக் கரைத்தது. இரண்டாவது சர்போஜயாவின் முகத்தில் சுருக்கத்தையும் வியர்வையையும் சோர்வையும் அப்படியே இருக்க விட்டது.

நம் கை மையும் கறுப்புதான்

மேலை நாட்டாரை மட்டும் குறை சொல்லி இந்தக் கட்டுரையை முடித்தால் அது நேர்மையாகாது. இந்த ஊர்ப் பாலத்தின் பெயரிலேயே 1958-இல் ஒரு இந்திப் படம் வந்தது. சக்தி சமந்தா இயக்கிய 'ஹவுரா பிரிட்ஜ்'. அசோக் குமாரும் மதுபாலாவும் நடித்தார்கள். அதில் சீன வில்லனாக வந்தவர் மதன் புரி. சீன வேடத்தில் ஆடி ஒரே பாட்டில் நாடு முழுக்கப் புகழ்பெற்றவர் ஹெலன். பர்மாவில் பிறந்து, உலகப் போரின்போது அகதியாக அசாமுக்கு நடந்தே வந்து, கல்கத்தாவில் வாழ்ந்து, பம்பாய்க்குப் போன பெண். அவருடைய சொந்த வாழ்க்கையில் இருந்த கதைக்குத் திரையில் இடம் இல்லை. சீன உடைக்கு இருந்தது.

அப்போது கல்கத்தாவின் டிரெட்டா பஜாரிலும் டாங்ராவிலும் தலைமுறைகளாக வாழ்ந்த சீனக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. தோல் பதனிட்டார்கள், செருப்பு தைத்தார்கள், தச்சு வேலை செய்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து 1962-இல் சீனாவோடு போர் வந்தபோது, இந்தியாவில் வாழ்ந்த சீன வம்சாவளியினரில் ஆயிரக்கணக்கானோரை ராஜஸ்தானின் தேவ்லி முகாமுக்குக் கொண்டுபோய் அடைத்தது நம் அரசு. அவர்களுக்காகக் குரல் எழுப்பியவர்கள் மிகக் குறைவு. ஒரு சமூகத்தைத் திரையில் வில்லனாகவும் நடனக்காரியாகவும் மட்டுமே பார்த்துப் பழகியவர்களுக்கு, அண்டை வீட்டுக்காரன் லாரியில் ஏற்றப்படுவது எளிதில் உறைக்காது. முகங்களைப் பற்றிய பேச்சு சினிமா ரசனையோடு நின்றுவிடுவதில்லை.

தமிழ்த் திரைக்கும் இதில் பங்கு உண்டு. கறுத்த பெண்ணின் கதைக்கு வெளுத்த நடிகையைக் கொண்டுவந்து மை பூசியிருக்கிறோம். சட்டைக்காரப் பெண் என்றால் குட்டைப் பாவாடையும் கொச்சைத் தமிழும் என்று வைத்துச் சிரித்திருக்கிறோம். பெரம்பூர் காலனியில் பிள்ளைகளை வளர்த்து, லோகோ ஷெட்டில் உழைத்துத் தேய்ந்த குடும்பங்கள் அந்தச் சிரிப்பைத் தியேட்டரில் உட்கார்ந்து கேட்டிருக்கின்றன.

ஈடித்துக்காக எழுந்தவள்

1963-இல் ராய் எடுத்த 'மகாநகர்' படத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ஒளிப்பதிவு சுப்ரதோ மித்ரா. கலை பன்சி சந்திரகுப்தா. நரேந்திரநாத் மித்ராவின் கதை. குடும்பத்துக்காக வேலைக்குப் போகும் நடுத்தர வர்க்க வங்கப் பெண் ஆரதி. நடித்தவர் மாதவி முகர்ஜி. வீடு வீடாகப் போய்ப் பின்னல் இயந்திரம் விற்கும் வேலை. கூட வேலை பார்க்கும் ஆங்கிலோ இந்தியப் பெண் ஈடித். நடித்தவர் விக்கி ரெட்வுட். ஈடித் ஆரதிக்கு லிப்ஸ்டிக் போடக் கற்றுக்கொடுக்கிறாள். கமிஷன் கேட்டு வாதாடவும் அவளே முன்னால் நிற்கிறாள்.

உடம்பு சரியில்லாமல் லீவு எடுத்த ஈடித்தை முதலாளி வேலையை விட்டு அனுப்புகிறார். நோய் என்பதை நம்ப மறுத்து, அவளுடைய நடத்தையைப் பழிக்கிறார். அந்தச் சமூகத்துப் பெண்கள் அப்படித்தான் என்ற நினைப்பு அவருக்கு. ஆரதியின் கணவனுக்கு அப்போது வேலை இல்லை. வீட்டில் அடுப்பு எரிவது அவள் சம்பளத்தில். அந்த முதலாளி ஆரதியிடம் அன்பாக இருப்பவர். அவளைப் போலவே வங்காளி. ஆனாலும் ஈடித்திடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லி அவரிடம் வாதாடுகிறாள். அவர் மறுக்கிறார். ஆரதி ராஜினாமாக் கடிதத்தை அவர் மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வருகிறாள்.

ஈடித் படத்தில் கொஞ்ச நேரம்தான் வருகிறாள். ஆனால் அவளுக்குப் பெயர் இருக்கிறது, வேலை இருக்கிறது, கோபம் இருக்கிறது. கழிவறைக்குள் நின்று யாருக்கும் தெரியாமல் அழும் தனிமை இருக்கிறது. மெர்ல் ஓபரான் கல்கத்தாவில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்த நாள்களில் அவருக்காக எந்த ஆரதியாவது எழுந்திருந்தால் என்று யோசிக்கிறேன். தாஸ்மேனியா தேவைப்பட்டிருக்குமா?

நம் நாடாளுமன்றத்தில் ஆங்கிலோ இந்தியர்களுக்கு இருந்த இரண்டு நியமன இடங்கள் 2020 ஜனவரியோடு நின்றுபோயின. கலப்புக் காதலைத் தடுத்த ஹாலிவுட் விதி 1956-லேயே போய்விட்டது. ஆனாலும் 1992-இல் 'சிட்டி ஆஃப் ஜாய்' வந்தபோது, ஹவுராவின் பில்கானா சேரியை வைத்து எழுதிய கதையில் ஓம் புரியும் ஷபானா ஆஸ்மியும் உயிரைக் கொடுத்து நடித்தும், நடுவில் நிற்க ஒரு அமெரிக்க டாக்டர் தேவைப்பட்டார். விதியை நீக்கினாலும் பழக்கம் உடனே போவதில்லை. பழக்கத்தை மாற்றுவது ஓரமாய் நின்று நோட்டில் வரைந்துகொண்ட அந்தப் பையனின் வேலையைப் போன்றது; நாளாகும், ஆனால் நடக்கும்.

மாலையில் ஹவுரா படித்துறையில் லாஞ்ச் வந்து முட்டுகிறது. ஆபீஸ் முடிந்தவர்கள் பலகையில் கால் வைத்து இறங்குகிறார்கள். டிபன் பை, குடை, மீன் வாங்கிய கூடை, தோளில் தூங்கும் குழந்தை. ரெனுவாரின் கேமரா இவர்களுடைய பாட்டன் பாட்டிகளை அழகாகப் பார்த்தது, பெயரைக் கேட்கவில்லை. நான் இறங்கும் வரிசையில் ஒதுங்கி நின்று, ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன். மேகத்துக்குப் பின்னால் போன வெயில், மித்ராவின் வெள்ளைத் துணியிலிருந்து வருவதுபோல, எல்லா முகத்திலும் ஒரே அளவாக விழுந்துகொண்டிருக்கிறது.